ஆறாம் நாள் விலை

திங்கட்கிழமை காலை, ஏணியில் நின்று மின்விசிறிகளுக்கு விலைச்சீட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வரித் துறை நாற்பத்தெட்டாயிரம் திருப்பித் தந்திருந்தது. பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு மீதி விசிறிகளுக்கும் சீட்டு மாட்டினேன்.

போன வருடம் முழுக்க என் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்தார்கள். அதே வருடம் என் மனைவி ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்தாள். மருத்துவச் செலவைக் காட்டினால் பிடித்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்று சகலை சொன்னார். என் மனைவியின் அக்கா கணவர் அவர். ஒரு தணிக்கை அலுவலகத்தில் எழுத்தர். ரசீதுகளை ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அவரே தேதிவாரியாக அடுக்கிப் படிவத்தை நிரப்பிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு சகலை. உன் சொத்தையெல்லாம் என் பேருக்கு எழுதியிருந்தா என்ன பண்ணுவே?"

"என்ன சொத்து?"

"அதான் எனக்கும் புரியல."

படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. அம்மா மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறாள். மனைவி அக்கா என்றதால் எனக்கும் அவர் அக்கா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருந்து மாறி ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். மகள் என் எதிரே உட்கார்ந்து அந்த வாரம் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள், பள்ளிக்கு வந்த ஆய்வாளரிடம் சொல்வது போல. நான் கேட்டுக்கொள்வேன். டீ வரும். மனைவி போய் எட்டு மாதம் ஆகியும் இந்த ஏற்பாடு அப்படியே இருந்தது. யாரும் அதை முடிவு செய்யவில்லை. நானும்தான்.

இப்போது சகலைக்கு மாற்றல் வந்துவிட்டது. ரயிலில் பதினான்கு மணி நேரம். அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். அங்கே ஒரு பள்ளியில் குழந்தைக்கும் இடம் கேட்டு வைத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை படிவத்தைத் தபாலில் போட வேண்டும். பணம் வந்ததற்கு முந்தின நாள், ஞாயிறு, அக்கா இதைச் சொன்னபோது நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். குழந்தை என் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும்?

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு விரல் விட்டுச் சொன்னார். முதலில் வாஷிங் மெஷின். அம்மா போனதிலிருந்து குழந்தை தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாள். விரிப்பு, போர்வை, உடுப்பு எல்லாம் தினமும் துவைக்க வேண்டும். அடுத்து, ஓரத்தில் தடுப்பு உள்ள கட்டில். உருண்டு விழுகிறாள். மூன்றாவது, ஃபிரிட்ஜ். என் வீட்டில் இருப்பது குளிர்வதில்லை, பால் ஒரு நாள் கூடத் தங்காது. நான்காவது ஓர் ஆள். பள்ளி இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு மணிக்கு விடும். என் கடை ஆறு மணிக்கு மூடும். நடுவில் அவளை அழைத்து வந்து பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்.

பேருந்துச் சீட்டின் பின்னால் நான்கையும் எழுதிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்குள் நான்கும் முடிந்தால் மகள் என்னோடு. முடியாவிட்டால் பதினான்கு மணி நேரத் தொலைவில். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் வந்த பணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். சம்பளத்தில் வாடகையும் மருத்துவமனைத் தவணையும் போக மிஞ்சுவது பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். ஆக நாற்பத்தெட்டாயிரம்தான். அதைக் கொண்டு எண்பதாயிரத்து வேலையைச் செய்ய வேண்டும்.

இதில் என் மனைவி கெட்டிக்காரி. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மூன்று முறை போய்ப் பார்ப்பாள். மூன்று முறையும் வேறு எதையோ பார்க்க வந்தவள் போல நிற்பாள். கண்ணில் ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது அவள் கட்சி. நசுங்கிய பொருள் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். சுவர்ப் பக்கமாக வைக்க முடிந்தால் அது நசுங்கலே இல்லை என்பாள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. நான் பொருளாதாரம் படித்தவன்.

என் வேலை விலைச்சீட்டு. மூன்று மாடிக் கடை, வீட்டுச் சாமான்கள். தலைமை அலுவலகத்திலிருந்து விலை வரும். நான் அச்சடித்து மாட்டுவேன். காட்சிக்கு வைத்த பொருளைக் கழிக்கும்போது முதல் நாள், விலையில் இருபது சதவீதம் குறையும், மஞ்சள் சீட்டு. மூன்றாம் நாள் முப்பத்தைந்து, ஆரஞ்சு. ஆறாம் நாள் பாதி விலை, சிவப்பு. கடையில் வேலை செய்கிறவர்கள் சிவப்பு விழுந்த பிறகுதான் தள்ளுபடியில் வாங்கலாம். அதற்கு முன்னால் எங்களுக்கு முழு விலை. ஆனால் நல்ல பொருள் ஆறாம் நாள் வரை நிற்காது.

அதனால் நாங்கள் பொருளைத் தூங்க வைப்போம். கடையில் அந்த வேலைக்கு அதுதான் பெயர். "விற்றது" என்று அச்சடித்த இளஞ்சிவப்புச் சீட்டில் ஒரு கற்பனைப் பெயரும் முகவரியும் எழுதி, கொண்டுபோகும் தேதியை மட்டும் காலியாக விட்டு, பொருளின் மேல் ஒட்டிவிடுவது. வாடிக்கையாளர் யாரும் தொட மாட்டார்கள். ஆறாம் நாள் காலை சீட்டைக் கிழித்துவிட்டுப் பாதி விலைக்கு நாமே வாங்கிக்கொள்ளலாம். தப்புதான். குக்கர், இஸ்திரிப் பெட்டி என்று சின்னச் சாமான்களில் எல்லாரும் செய்தார்கள்.

கிடங்கில் இருப்பவனுக்குக் கிரேன் என்று பெயர். ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாகத் தூக்குவான். தூங்க வைப்பதில் அவன்தான் குரு. அவன் எழுதும் முகவரிகளில் தனி ஊரே இருந்தது. இல்லாத தெருக்களில் இல்லாத மனிதர்கள் மிக்ஸி வாங்கிக் குவித்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை கழிவுப் பட்டியலில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. ஒரே ஒன்று. முழு விலை முப்பத்திரண்டாயிரம். இடது பக்கம் நசுங்கியிருந்தது. சனிக்கிழமை பதினாறாயிரத்துக்கு இறங்கும். நான் கிரேனிடம் போனேன்.

"எத்தனை நாள் தூங்கணும் மாப்ளே?"

"சனிக்கிழமை வரைக்கும்."

"இவ்ளோ பெரிய உருப்படியை இதுவரைக்கும் யாரும் தூங்க வச்சதில்ல." மெஷினைச் சுற்றி வந்தான். "புள்ளைக்கா?"

"ஆமா."

அதற்கு மேல் கேட்கவில்லை. மெஷினைத் தூணுக்குப் பின்னால் தள்ளினான். சீட்டை நான் எழுதினேன். பெயர், முகவரி, தொலைபேசி. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். என் மனைவியின் பெயர். எங்கள் வீட்டு முகவரி. என் எண். ஆறு மாதம் மருத்துவமனைப் படிவங்களில் அந்த வரிசையிலேயே எழுதிப் பழகிய கை, கேட்காமலே எழுதிவிட்டது. கிழிக்கலாமா என்று யோசித்தேன். வேறு ஒரு பெயரைக் கண்டுபிடிக்கத் தெம்பில்லை. எப்படியும் சனிக்கிழமை நானே கிழிக்கப்போகிற சீட்டுதானே என்று ஒட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். காகிதம் சுலபமாக வந்தது.

"ஃபிரிட்ஜ்ல ஒரு கோளாறும் இல்ல சார். கதவு ரப்பர் போயிடுச்சு. தெருவுக்கெல்லாம் சேத்து ஏசி போட்டிருக்கீங்க."

ரப்பரும் கூலியும் ஆயிரத்து எண்ணூறு. புது ஃபிரிட்ஜ் செலவு மிச்சம். எட்டு மாதம் அதைத் திறந்து மூடியிருக்கிறேன். கதவு சரியாக மூடவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை கட்டில். வீடு காலி செய்கிற ஒரு தம்பதி, விளம்பரம் கொடுத்திருந்தார்கள். மரக் கட்டில், இரண்டு பக்கமும் தடுப்பு, உறுதியாக இருந்தது. அந்தப் பெண் பத்தாயிரம் என்றாள். நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டரைக்குத் தரலாம் என்றாள். என் மகள் இதில் எந்தப் பக்கம் தலை வைப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கணவன் உள்ளேயிருந்து வந்து, மெத்தையும் சேர்த்து ஏழு என்றான். நான் தடுப்பின் மேல் கை வைத்தேன். யாரோ ஒரு குழந்தை அதில் பல் பதித்திருந்தது. ஆறு, அதற்குக் கீழே கட்டாது என்றார்கள் இருவரும். பணத்தைக் கொடுத்தேன். நான் பேரம் பேசவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வண்டியில் ஏற்றும்போது அந்த ஆள் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "பயங்கரமான ஆளா இருக்கான்."

வியாழக்கிழமை நான்காவது. கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். சீருடை தைப்பவர், பகலெல்லாம் வீட்டில்தான். என் மனைவிக்குப் பழக்கம். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து ஆறரை வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் சுருட்டினார். மாதம் ஒன்பதாயிரம் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்பணம். அந்த நேரத்துத் தையலை அவர் விட வேண்டும். ஒரு பள்ளி ஆர்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் இரண்டாம் மாதம் மனம் மாறினால் அவர் கதி என்ன? நியாயமாகத்தான் கேட்டார். ஞாயிறு காலை பதினெட்டாயிரம் தருகிறேன் என்றேன். ஆர்டரை அன்று மாலையே திருப்பிக் கொடுக்கிறேன் என்றார்.

விரிப்புகள், நனையாத உறை, பள்ளிக் காலணி என்று ஐயாயிரம் ஆயிற்று. அன்று மாலை பேருந்தில் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் போக ஆயிரத்து இருநூறு மிஞ்சியது. என் மனைவி இருந்தால் இன்னும் இரண்டாயிரம் மிஞ்ச வைத்திருப்பாள். ஆனாலும் தலையாட்டியிருப்பாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

வெள்ளிக்கிழமை கிரேன் வரவில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தான். மதியம் தையல்காரம்மா போன் செய்தார்.

"தம்பி, உங்க மெஷின் வந்துடுச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேல உங்க வாசலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள அவனுங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு, பாவம்."

"எந்த மெஷின்?"

"துணி துவைக்கிறதுதான். பக்கவாட்டுல கொஞ்சம் நசுங்கியிருக்கே, கவனிச்சீங்களா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டம்மா பேருல வந்திருக்கு. நான் அவனுங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

கிடங்கிற்கு ஓடினேன். தூணுக்குப் பின்னால் தரையில் மெஷினின் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. கிரேனுக்குப் பதிலாக அன்று வந்தவர் ஒழுங்கானவர். விற்ற சாமான் மூன்று நாளுக்கு மேல் கிடங்கில் நிற்கக் கூடாது என்பது எழுத்தில் உள்ள விதி. அவர் விதியைப் படித்திருந்தார். சீட்டில் முழு முகவரி இருந்தது. கிரேனின் தெருக்களாக இருந்திருந்தால் வண்டி சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கும். என் தெரு உண்மையில் இருந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். அவர் மேசையில் சீட்டின் நகல் இருந்தது. பொருள் வெளியே போயிருக்கிறது, ரசீது இல்லை. கணினி அதைத் திருட்டு என்ற கட்டத்தில் போட்டிருந்தது.

"இது அவங்க பேருதானே?" அவர் துக்கத்துக்கு வந்தவர். பின் வரிசையில் நின்றிருந்தார்.

"ஆமா சார்."

தலையைச் சாய்த்தபடி சீட்டையே பார்த்தார். பிறகு, இரண்டு வழிதான் இருக்கிறது என்றார். வேலையாள் வாங்கியதாக இன்றைய தேதியில் முழு விலைக்கு ரசீது போடலாம். போட்டால் இதோடு முடிந்தது. இல்லையென்றால் நடந்ததை நடந்தபடி மேலே எழுத வேண்டும்.

நசுங்கின மெஷின், நாளைக்குப் பாதி விலை என்றேன்.

"நாளைக்குத்தான்."

"திருப்பி எடுத்துட்டு வந்துட்டா?"

"வண்டி ஏன் போச்சுன்னு எழுதணும். எழுதினா உங்க வேலை மட்டும் போகாது. கிடங்குல இருக்கறவனும் போவான்."

நான் பேசாமல் நின்றேன். அவரும் பேசவில்லை. இந்த முறை விலை இறங்கவில்லை. அட்டையை நீட்டினேன். முப்பத்திரண்டாயிரம். ரசீதை மடித்துக் கொடுக்கும்போது, இதற்கு மேல் என்னால் ஆகாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

கணக்கில் மூவாயிரத்து இருநூறு இருந்தது.

சனிக்கிழமை முழுக்க ஓடினேன். தையல்காரம்மாவிடம் முன்பணத்தை மாதாமாதம் பிரித்துத் தருகிறேன் என்றேன். அவர் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னை நம்பி இரண்டு மாத வருமானத்தை விட்டவரிடம் மூவாயிரத்தை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அந்த ஆர்டரைத் திரும்பக் கேட்க அந்தப் பள்ளிக்குப் போன் செய்தார். இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். அவருக்காவது அது நடந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக் காப்பகம். அங்கேயும் மூன்று மாதம் முன்பணம். மெஷினை விற்றுவிடலாமா என்று பழைய சாமான் கடையில் விசாரித்தேன். நசுங்கல் என்றதும் பதினோராயிரம் என்றான். விற்றால் ஆளுக்கும் போதாது, மெஷினும் இல்லை. தராசிடம் காலை நேர வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். காலை நேரத்துக்கு இரண்டு பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள். கிரேன் வீங்கிய கன்னத்தோடு வந்து இரண்டாயிரம் கொடுத்தான். வாய் திறக்க முடியாததால் அவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றும் சொல்லவில்லை. நான் வாங்கவில்லை. அவன் என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தேன். கட்டில் இருந்தது. உறை போட்ட மெத்தை இருந்தது. ஃபிரிட்ஜ் குளிர்ந்தது. மெஷின் சுவரோடு ஒட்டி நின்றது. நசுங்கல் தெரியவில்லை. எல்லாம் இருந்தும் இரண்டு மணியிலிருந்து ஆறரை வரை அந்த வீட்டில் ஆள் கிடையாது.

ஞாயிறு போனேன். அக்கா வீட்டில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மகள் எதிர்வீட்டில் விளையாடப் போயிருந்தாள். சகலை ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இதுல உக்காரு. அதெல்லாம் கண்ணாடிச் சாமான். இது என் ஆபீஸ் ஃபைல், நசுங்கினாக் கேக்கறதுக்கு நாதியில்ல."

உட்கார்ந்தேன். பேருந்துச் சீட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

"மூணு முடிஞ்சுதுக்கா. நாலாவது முடியல."

அக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ரப்பர், கட்டில், வண்டி, முழு விலை, தையல்காரம்மா, எல்லாம். அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை. சகலை நடுவில் சிரிக்கத் தொடங்கி, வண்டி வீட்டுக்குப் போன இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நான் சொன்னத எழுதியா வச்சீங்க?" என்றார் அக்கா.

"ஆமா."

"என்ன வேணும்னு கேட்டீங்க. சொன்னேன். இதெல்லாம் இருந்தாத்தான் அனுப்புவேன்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்?"

நான் அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன்.

"எட்டு மாசம். ஞாயித்துக்கிழமையானா வர்றீங்க, டீ குடிக்கறீங்க, போறீங்க. அவளைக் குடுங்கன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? மாற்றல்னு சொன்னப்பவாவது கேப்பீங்கன்னு பாத்தேன். என்னென்ன சாமான் வேணும்னு கேட்டீங்க." சீட்டை மடித்தார். "கேக்காத மனுஷன்கிட்டப் புள்ளைய எப்படி விட்டுட்டுப் போறது? வேண்டாத வீட்டுல கொண்டு போய்த் தள்ளின மாதிரி ஆகாதா?"

வாயைத் திறந்தேன். "மெஷின் இடது பக்கந்தான் நசுங்கியிருக்கு, அது சுவத்துப் பக்கம் போயிடுச்சு" என்று வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். சகலை தரையைப் பார்த்தார். யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

"அவ எனக்கு வேணும்க்கா. குடுங்க."

அக்கா அழுதார். எட்டு மாதம் தினமும் விரிப்பு துவைத்தவர். நான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர். கேட்டுவிடக் கூடாது என்றும் இருந்திருக்கிறார். எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

சகலை பள்ளிப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நிரப்பியிருந்தது. தபால் உறைகூடத் தயாராக இருந்தது. அவர் குரலில் கேலி இல்லை.

"இதை நாளைக்குப் போடலன்னா அங்க இடம் போயிடும். அடுத்த வருஷம்தான். நாங்க போனதுக்கப்புறம் முடியலன்னு போன் பண்ணினா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுதுண்ணே."

"மத்தியானத்துக்கு யாரு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"இந்த நிமிஷம் தெரியல. அடுத்த சனிக்கிழமைக்குள்ள தெரியணும்."

முகம் கழுவிக்கொண்டு அக்கா வந்தார். கிளம்புகிற வரைக்கும் பள்ளியிலிருந்து தானே கூட்டிவந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ராத்திரிக்கு என் வீடு, மத்தியானத்துக்கு அவர் வீடு. ஐந்து நாள். அதற்குப் பிறகு நான். சொல்லிவிட்டுச் சகலையிடம் கத்தியைக் கேட்டார். அவர் தேடி எடுத்து, தானே ஒரு பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தார். மேலாகவே மகளின் துணிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் அடுக்கினார். அலுவலகத்தில் ரசீது அடுக்குவது போல, ஓரம் பிசகாமல்.

"அந்தப் பச்ச கவுன் வேண்டாம், சின்னதாயிடுச்சு" என்றார் அக்கா. பிறகு, "வைங்க, இருக்கட்டும்" என்றார்.

மகள் எதிர்வீட்டிலிருந்து வந்தாள். திறந்த பெட்டியைப் பார்த்தாள். பையில் போகிற தன் துணிகளைப் பார்த்தாள். என் பக்கம் வரவில்லை. பெரியம்மாவின் இடுப்போரமாக நின்றுகொண்டாள்.

"அப்பாகூடப் போறியா?" என்றார் அக்கா.

அவள் என்னிடம்தான் கேட்டாள். "எத்தன நாளைக்கு?"

"எல்லா நாளும்."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பெரியம்மா ஊருக்குப் போனதுக்கப்புறம் ஸ்கூல்லேருந்து யாரு கூட்டிட்டு வருவா?"

"நான்" என்றேன்.

அவர்கள் போன பிறகும் இரண்டு மணிக்குக் கடையில் ஏணி மேல் இருப்பேன். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். சகலை படிவத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. மகள் மட்டும் சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டப் போனாள்.